நல்ல ரெசிஸ்டன்ஸ்

எனக்கு வாய் ஜாஸ்தி. கையும் வேகம். கோழிக்கடையில் இந்த ரெண்டும் இருந்தால் போதும், எப்படியும் பிழைத்துக்கொள்ளலாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த மலையாளம் ‘வேணும்’, ‘வேண்டா’, அவ்வளவுதான். மிச்சத்தைக் கறி வாங்க வந்தவர்களே கற்றுக்கொடுத்தார்கள். “அண்ணாச்சி, தோலு வேண்டா, கழுத்து வேண்டா, செறுதாயிட்டு வெட்டணே” என்று அவர்கள் சொல்ல, நான் என் தமிழில் வம்பளக்க, கொஞ்ச காலத்தில் எது எந்த மொழி என்ற வித்தியாசமே போய்விட்டது. மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று ஊருக்குப் போன இடத்திலெல்லாம் பீற்றிக்கொண்டேன். ‘உங்களுக்கு எல்லாம் புரியுதாண்ணே?’ என்று யாராவது கேட்டால் கோபம் வேறு வரும்.

கடை கரமனைப் பக்கம் ஒரு சந்து முனையில் இருக்கிறது. முன்னால் கம்பிக் கூடு நிறைய வெள்ளைக் கோழி. பின்னால் நீல டிரம். கழுத்தை அறுத்து அதில் போட்டால் கொஞ்ச நேரம் தடதடவென்று அடித்துக்கொள்ளும், பிறகு அடங்கிவிடும். தோலை உரித்து, குடலை வழித்து, மரக்கட்டையில் வைத்துத் துண்டு போட்டு, பக்கத்து வாளித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிப் பையில் போடுவேன். அந்தத் தண்ணீர் காலையில் தண்ணீராக இருக்கும், வெயில் ஏறுவதற்குள் ரோஸ் கலராகிவிடும். மாற்றுவோம், மாற்றாமல் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரிசை நிற்கும்போது யாருக்கு நேரம்? என் கையையும் அதே வாளியில்தான் அலசுவேன். அலசினால் கை பளிச்சென்றுதான் இருக்கும். “நம்ம கடையில சீக்குக் கோழியே கிடையாது கேட்டியளா” என்று வருகிறவர்களிடம் அடித்துவிடுவேன். அது பொய்யும் இல்லை. கூட்டில் நின்றதெல்லாம் கொழுகொழுவென்று நின்றதுதான்.

அப்போது எங்கள் மகள் தவழத் தொடங்கியிருந்தாள். ஒரே பிள்ளை. கீழே இரண்டு பல் எட்டிப் பார்த்தன. ஈறு ஊறும்போல, கையில் கிடைத்ததையெல்லாம் கடிப்பாள். நான் வேலை முடித்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் விறுவிறுவென்று தவழ்ந்து வந்து என் சுட்டுவிரலை இழுத்து வாய்க்குள் வைத்துக்கொள்வாள்.

“ஏங்க, குளிச்சிட்டு வந்து பிள்ளைய எடுக்கக் கூடாதா? ஒரே கோழி நாத்தம்” என்று என் பெண்டாட்டி கத்துவாள்.

“போட்டி, அவளுக்கு அப்பா வாசனைன்னா இதுதான்” என்பேன்.

நாற்றத்துக்காகத்தான் அவள் கத்தினாள். அதற்கு மேல் அந்த விரலில் வேறு ஒன்று இருக்க முடியும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முதலில் வயிற்றுப்போக்கு. பல் முளைக்கும்போது அப்படித்தான் போகும் என்று பக்கத்து வீட்டுச் சேச்சி சொன்னார். நாங்களும் நம்பினோம். பிறகு காய்ச்சல். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்துக்கு இறங்குவதுபோல இறங்கும், மறுபடி ஏறும். ஒரு நாள் காலையில் துணி மாற்றும்போது என் பெண்டாட்டி என்னைக் கூப்பிட்ட குரல் இருக்கிறதே, அது அவள் குரலே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். சளியும் அதில் ரத்தமும். தினமும் கழுத்தறுக்கிறவன் நான், ரத்தமெல்லாம் எனக்கு ஒரு விஷயமே கிடையாது. அந்த வெள்ளைத் துணியில் கட்டைவிரல் அகலத்துக்குத்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் துணியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடினேன்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குழந்தைகள் வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். நோயாளிக்குத் துணையாக இருக்கும் ஆளுக்கு இங்கே பைஸ்டாண்டர் என்று பெயர். கட்டிலுக்கு ஒரு பைஸ்டாண்டர். என் பெண்டாட்டி உள்ளே, நான் வராந்தாவில். நடுநடுவே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பிள்ளையின் கையில் நரம்பு கிடைக்காமல் அங்கே குத்தி இங்கே குத்தி, கத்திக் கத்தி அவள் குரல் கம்மிப்போனது. ரத்தத்தை எடுத்துக் குப்பியில் வைத்து வளர்த்துப் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். கல்ச்சர் என்று அதற்குப் பெயர். ரத்தத்தை என்ன வளர்ப்பது, செடியா கொடியா? எனக்கு விளங்கவில்லை. ரிசல்ட் வரக் கொஞ்சம் நாளாகும், அதுவரை வழக்கமாகப் போடும் ஊசியைப் போடுவோம் என்றார்கள்.

ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. அதைவிட மோசம், அவள் அழுவதை நிறுத்திவிட்டாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பாள், மறுபடி மூடிக்கொள்வாள், அவ்வளவுதான். விரலை அவள் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன். கடிக்கவில்லை. பிள்ளை நம்மை விட்டுப் போய்விடும் என்று எனக்கு முதல்முதலாகத் தோன்றியது அப்போதுதான். வாயாடி என்று ஊரெல்லாம் பேரெடுத்தவனுக்கு, வராந்தாவில் டீ கொண்டுவந்தவனிடம் ஒரு டீ என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

டாக்டரம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். நல்ல மாதிரி. ஆனால் பேச்சு வேகம், பேசிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். ரிசல்ட் வந்த அன்று மதியம் வார்டு வாசலில் என்னைப் பார்த்து நின்றார்.

“மோளுடே கல்ச்சர் வந்நு. சால்மொனெல்லயாணு. நல்ல ரெசிஸ்டன்ஸ் உண்டு. மருந்நு மாற்றாம் கேட்டோ. பேடிக்கண்டா, ஞான் வந்நிட்டு விசதமாயிட்டு பறயாம்.”

மகளுடைய ரிசல்ட் வந்துவிட்டது. நல்ல ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது. மருந்தை மாற்றலாம். பயப்பட வேண்டாம், வந்து விவரமாகச் சொல்கிறேன். நான் காதில் வாங்கிக்கொண்டது இது. சால்மொனெல்லா என்பது ஏதோ டெஸ்டின் பெயர் என்று விட்டுவிட்டேன். ரெசிஸ்டன்ஸ் எனக்குத் தெரியாதா? கொரோனா வந்தபோது ரெசிஸ்டன்ஸ் பவர் ஏற வேண்டும் என்று மிளகும் மஞ்சளும் போட்டுக் கஷாயம் குடிக்காத வீடு ஒன்று உண்டா? எதிர்ப்பு சக்தி! அது என் மகளுக்கு இருக்கிறது. சும்மாவும் இல்லை, நல்லாவே இருக்கிறது. டாக்டரே தன் வாயால் சொல்லியாயிற்று. எனக்கு அந்த இடத்திலேயே ஆட வேண்டும்போல இருந்தது.

உள்ளே ஓடினேன்.

“ஏட்டி, பிள்ளைக்கு நல்ல ரெசிஸ்டன்ஸ் பவர் இருக்காம்! டாக்டரம்மா சொல்லிட்டாவ. மருந்தையே மாத்தப் போறாவளாம். இனி லேசான மருந்தாத்தான் இருக்கும்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் வாயை அவளுக்குத் தெரியும்.

“மெய்யாவா சொல்லுதிய? பிள்ளை மேல சத்தியமா?”

“பிள்ளை மேல சத்தியம்” என்று மகள் தலையில் கை வைத்தேன். தலை அனலாகக் கொதித்தது. அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அவள் கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்தாள், அப்படியே தூங்கிவிட்டாள். வந்ததிலிருந்து அவள் கண் மூடி நான் பார்க்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது, கை மட்டும் பிள்ளையின் கால்மேல் கிடந்தது.

நான் ஊரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். முதலாளிக்குப் போட்டேன். எதிரே பேக்கரியில் லட்டு வாங்கிவந்து வார்டில் எல்லாப் பைஸ்டாண்டருக்கும் நீட்டினேன். பக்கத்துக் கட்டிலில் வித்துராவிலிருந்து வந்த ஒருவர், அவர் மகனுக்கும் காய்ச்சல்தான், லட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “பாக்கியம் செய்திட்டுண்டு நிங்ஙள்” என்றார். எனக்கு மிதப்புத் தாங்கவில்லை. கடைசியில் நர்ஸிடம் போனேன்.

“எந்தர் அண்ணாச்சி, லட்டு? வீட்டில் விசேஷம் உண்டோ?”

“நம்ம மோளுக்கு நல்ல ரெசிஸ்டன்ஸ் உண்டு சிஸ்டர்!”

அவர் லட்டைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோயிருந்தார். கை அப்படியே நின்றது. என்னையே பார்த்தார். நான் கேலி செய்கிறேனா என்று பார்த்திருப்பார்போல. பிறகு லட்டை மேஜையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“அய்யோ சேட்டா, ரெசிஸ்டன்ஸ் மோள்க்கல்ல. அணுவினா.”

மகளுக்கு இல்லை. கிருமிக்கு.

இதுவரை ஏற்றிய ஊசி எதற்கும் அந்தக் கிருமி சாகாது, எல்லாவற்றையும் எதிர்த்து நிற்கிறது, மிச்சம் இருப்பது ஒன்றோ இரண்டோதான் என்று அவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டு போனார். நல்ல ரெசிஸ்டன்ஸ் என்றால் பலமான ரெசிஸ்டன்ஸ். நல்ல மழை, நல்ல உதை என்று நாமும்தானே சொல்கிறோம்! எனக்கு மட்டும் அந்த நேரத்தில் நல்லது என்றால் நல்லதாகவே கேட்டுத் தொலைத்தது. லட்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கட்டிலுக்குப் போனேன். தாயும் மகளும் தூங்கினார்கள். தாய் தூங்கியது என் பேச்சை நம்பி. மகள் கிடந்தது தூக்கமா வேறா என்று சொல்லவே எனக்குப் பயமாக இருந்தது. இவளை எழுப்பி என்னவென்று சொல்வது? வாயைத் திறந்தால் போதும், இவள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, அதை யாரிடமும் சொல்ல முடியாது. பொய்ச் சத்தியம். பிள்ளை தலையில் கை வைத்துச் செய்தது. தெரிந்து சொன்னாலும் தெரியாமல் சொன்னாலும் பலிக்குமோ? நான் பெரிய சாமி கும்பிடி ஒன்றும் இல்லை. இருந்தாலும் அந்தக் கையை மடக்கி என் தலையில் வைத்துக்கொண்டு, பலித்தால் இங்கே பலிக்கட்டும், அங்கே வேண்டாம் என்று வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்று புலம்பினேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

நான் சொல்வதற்கு முன்னாலேயே டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டுவிட்டார். நர்ஸ் தட்டி எழுப்ப, அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாக அறைக்குள் வந்தாள். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். டாக்டரம்மா இந்த முறை மெதுவாகப் பேசினார், தெரிந்த தமிழையும் கலந்துகொண்டு. சால்மொனெல்லா என்பது டெஸ்ட் இல்லை, கிருமியின் பெயர். அது ரத்தத்தில் ஓடுகிறது. இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு அது மூளைக்குப் போய்விடக்கூடும். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். வேறு மருந்து, ரொம்பப் பெரிய மருந்து, இன்றே ஆரம்பிக்கிறோம்.

“அதுவும் கேக்கலன்னா?” என்று என் பெண்டாட்டி கேட்டாள்.

“கேக்கும்னு விசாரிக்காம். பின்னே அதிகம் ஒந்நும் பாக்கி இல்ல.” கேட்கும் என்று நம்புவோம், அதற்கு மேல் மருந்து அதிகம் மிச்சமில்லை என்கிறார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை.

“சத்தியம் பண்ணுனியளே” என்றாள்.

சத்தியம் செய்த கையை நான் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அடுத்து டாக்டரம்மா என்னிடம் கேட்டார், மோளுக்கு சிக்கனோ முட்டையோ கொடுத்தீர்களா என்று. “பல்லே ரெண்டுதான் டாக்டர், கஞ்சியும் பழமும்தான்” என்றேன். சேட்டனுக்கு என்ன வேலை என்றார். கோழிக்கடை என்றேன். எழுதிக்கொண்டிருந்த அவர் பேனாவைக் கீழே வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, விளங்கியதும் ரத்தம் கொதித்தது.

“என் கை சுத்தம் டாக்டர்! தினமும் அலசிட்டுத்தான் வாரேன். ஊர் முழுக்க எங்கிட்ட கறி வாங்கித் திங்குது, ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல!”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கிருந்து வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். பச்சைக் கோழியில் இந்தக் கிருமி இருப்பது உண்டு, கோழியைப் பார்த்தால் தெரியாது, அதுபாட்டுக்கு நன்றாக நிற்கும். பண்ணைகளில் மனுஷனுக்குக் கொடுக்கும் அதே ஜாதி மருந்தைக் கோழிக்கும் கொடுத்துக் கொடுத்துக் கிருமி அதற்குப் பழகிவிடுகிறது. வேக வைத்தால் செத்துப்போகும். வேகாத கறியைத் தொட்ட கை, கத்தி, வாளி, கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், எதிலிருந்தும் வரலாம். கடைக்காரன் என்று இல்லை, கோழி வாங்கும் எந்த வீட்டிலும் வரலாம். ஒரு கிருமி எந்தக் கூட்டிலிருந்து, யார் கையில் ஏறி வந்தது என்று தெரிந்திருந்தால் அதைத் திட்டியாவது ஆறியிருப்பேன். எங்கும் இருக்கிறது என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

முதுகில் நீர் எடுக்கும்போது எங்களை வெளியே நிறுத்தினார்கள். கதவுக்கு வெளியே அவள் ஒரு சுவர், நான் ஒரு சுவர். எங்களுக்குள் பேச்சே இல்லை. உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அழுதால் உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். வரவில்லை. கதவு திறக்கும்வரை என் மகள் செத்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரையெல்லாம் கூப்பிட வேண்டும், ஊருக்கு எப்படிக் கொண்டுபோவது என்று ஒரு மனசு கணக்குப் போட்டது. அந்த மனசை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

முதுகுத் தண்ணீரில் கிருமி இல்லை. புது மருந்து ஏறியது. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, சூடு அவளுடையதா என் கையுடையதா என்றே எனக்குத் தெரியாமல் போயிற்று. பிறகு ஒரு காலையில் நர்ஸ் பழைய ஊசியைக் கழற்றப் பிளாஸ்டரை இழுத்தபோது, பிள்ளை வீல் என்று அலறினாள் பாருங்கள், வார்டே திரும்பிப் பார்த்தது. நானும் என் பெண்டாட்டியும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவள் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதுதான் எங்களுக்குள் மறுபடி ஆரம்பித்த பேச்சு.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: பிள்ளையின் மலத்தில் இன்னும் சில வாரம் கிருமி இருக்கலாம், துணி மாற்றினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தானாகவே போய்விடும். சேட்டன் கடையிலேயே துணி மாற்றிவிட்டு வரட்டும். வந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுக் குழந்தையை எடுக்கட்டும், ஒரு பிரச்சினையும் இல்லை. திரும்ப வந்தால் என்று நான் கேட்டேன். வராமல் பார்த்துக்கொள்வோம் என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

கடைக்குத்தான் திரும்பப் போனேன். வேறு என்ன வேலை தெரியும் எனக்கு? எல்லை தாண்டிக் கோழி ஏற்றிவரும் லாரிக்காரனிடம் கேட்டேன், பண்ணையில் மருந்து கொடுக்கிறார்களா என்று. “குஞ்சுலயே தண்ணியில கலந்துருவாங்கண்ணே. சீக்கு வரக்கூடாதுல்லா?” என்றான், நான் ஏதோ நல்ல செய்தி கேட்டதுபோல. கூட்டைப் பார்த்தேன். எல்லாம் கொழுகொழுவென்று, கண் பளபளவென்று நின்றன. முன்பெல்லாம் அப்படி நின்றால் எனக்குப் பெருமையாக இருக்கும். இப்போது கை உள்ளே போகப் பயந்தது. வாளித் தண்ணீரை நினைத்து நினைத்து மாற்றுகிறேன், கறி வாங்க வருகிறவர்களிடம் ‘வீட்டில் குழந்தை உண்டா, கை கழுவுங்கள்’ என்று நச்சரிக்கிறேன். “அண்ணாச்சிக்கு எந்தர் பற்றி?” என்று, எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். முதலாளி சிரிக்கவில்லை. வியாபாரத்தைக் கெடுக்காதே என்கிறார்.

கடையில் குளிக்கிறேன். வீட்டுக்கு வந்து மறுபடி குளிக்கிறேன். நகத்தை ஒட்ட வெட்டி, பிரஷ் போட்டுத் தேய்த்து, சோப்பில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளிறிக் கிடக்கிறது. ஆனாலும் பிள்ளையை எடுக்க முடியவில்லை. கை ஈரம் என்பேன், முதுகு வலி என்பேன், போன் வருகிறது என்பேன். “அதான் குளிச்சாச்சே, எடுங்களேன்” என்று முதலில் குளிக்கச் சொல்லிக் கத்தியவளே கெஞ்சுகிறாள். “நாளைக்கு எடுக்கேன்” என்கிறேன்.

போன வாரம் சாயங்காலம் நான் குளித்துவிட்டு வந்து நின்றேன். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் சுவரை விட்டாள். விழப் போகிறாள் என்று பதறினேன், விழவில்லை. தள்ளாடிக்கொண்டு, முதல்முதலாகத் தன் காலில் இரண்டு எட்டு வைத்து என் முன்னால் வந்து நின்றாள். அவள் அம்மா “ஏங்க! நடக்கா! பிள்ளை நடக்கா!” என்று அடுப்படியிலிருந்து கத்தினாள். பிள்ளை என்னைத் தூக்கு என்று இரண்டு கையையும் மேலே நீட்டினாள். என் கை இரண்டும் எனக்குப் பின்னால் இருந்தன. கொண்டுவா, கொண்டுவா என்று என்னையே அதட்டிப் பார்த்தேன். அவை வரவில்லை. அவள் என் முகத்தை அண்ணாந்து பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கையை அவளே கீழே இறக்கிக்கொண்டாள்.